அம்மாவுக்குச் சகோதரம் இல்லை

அம்மாவுக்குத் தடங்கல் இல்லாமல் வரும் பிரெஞ்சு வாக்கியம் ஒன்றுதான்: "நான் வீட்டில் ஒரே பிள்ளை." பேக்கரியில் விரலால் காட்டித்தான் பாண் வாங்குவார். டொக்டரிடம் நோகிற இடத்தைத் தொட்டுக் காட்டுவார். இந்த வாக்கியம் மட்டும் மூக்கால் இழுக்க வேண்டிய இடத்தில் இழுத்துச் சுத்தமாக வரும். வெங்காயம் உரிக்கும்போதும், ஒபர்வில்லியேயில் உடுப்பு மடிக்கிற வேலைக்குப் போகப் பஸ்ஸுக்கு நிற்கும்போதும் அவருடைய உதடுகள் அதைச் சொல்லிக்கொண்டிருக்கும். சின்ன வயதில் அதை ஏதோ தேவாரம் என்று நினைத்து நானும் கூடச் சேர்ந்து முணுமுணுத்தேன். அம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டு என் வாயைப் பொத்தினார். அவருடைய கையில் வெங்காய மணம். எனக்குக் கண் எரிந்தது.

ஆனால் அம்மாவுக்கு ஒரு தங்கை இருந்தார். நான் அவரோடு பேசியிருக்கிறேன். சண்டை நின்றிருந்த காலத்தில் வன்னியில் ஏதோ ஒரு தொலைபேசிக் கடையிலிருந்து எடுத்தார். அம்மா அழுதபடியே ரிசீவரை என் காதில் வைத்தார்.

"நான் உன்ரை சித்தி. பள்ளிக்கூடத்திலை என்ன படிக்கிறாய்?"

"பெருக்கல்."

"எங்கை, ஏழாம் வாய்ப்பாடு சொல்லு பாப்பம்."

எனக்கு அது பிரெஞ்சில்தான் தெரியும். பிரெஞ்சிலேயே சொன்னேன். மறுபக்கம் ஒரு பெரிய சிரிப்பு. "உதைத் தமிழிலை படிச்சு வை. அடுத்த முறை கேப்பன்." அடுத்த முறை என்று ஒன்று வரவில்லை.

பாரிசில் எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லா சப்பலில் வளர்ந்தவர்களுக்கு இங்குள்ள ஒரு வழக்கம் தெரியும். அகதி விண்ணப்பத்துக்கு நேர்காணல் வந்தால் யாரும் பாடமாக்காமல் போவதில்லை. ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் ஒரு பலசரக்குக் கடையின் பின்னறையில், அரிசி மூட்டைகளுக்கு நடுவில், ஒரு மேசையும் எதிரெதிரே இரண்டு கதிரைகளும் இருக்கும். ஒரு கதிரையில் ஒரு அண்ணை பிரெஞ்சு அதிகாரியாக உட்கார்ந்திருப்பார். மற்றதில் நாங்கள் நாங்களாகவே உட்கார வேண்டும். கஷ்டமே அதுதான். அவரைக் 'கேஸ் அண்ணை' என்றுதான் எல்லோரும் சொல்வார்கள்.

சித்தி இயக்கத்துக்குப் போன பிறகு, மிச்சமிருக்கிற பிள்ளையையாவது காப்பாற்ற வேண்டும் என்று அவசரமாகக் கலியாணம் பேசி அம்மாவைப் பாரிசுக்கு அனுப்பினார்கள். வந்து இறங்கிய கொஞ்ச நாளிலேயே அப்பா அவரைக் கேஸ் அண்ணையிடம் கூட்டிக்கொண்டு போனார். அண்ணை எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னாராம்: "தங்கச்சி இயக்கத்திலை எண்டால் நீங்களும் இயக்கம் எண்டுதான் நினைப்பாங்கள். உங்களுக்குச் சகோதரமே இல்லை. விளங்கிச்சோ?" அம்மா அதைப் பாடமாக்கினார். அதிகாரி கேட்டார், அம்மா சொன்னார், கார்த் கிடைத்தது. அந்த அகதி அட்டைக்குப் பிறகுதான் நான் பிறந்தேன்.

2009இல் எனக்குப் பதினொரு வயது. அந்த மாதங்களில் வேலை முடிந்ததும் அம்மா நேராகத் தெருவில் நடந்த போராட்டத்துக்குத்தான் போனார். எங்கள் ஆட்கள் எல்லோரும் அங்கேதான் நின்றார்கள், கத்தினார்கள், இருந்தார்கள். வைகாசியில் வன்னியில் எல்லாம் முடிந்த பிறகு, யார் முகாமில், யாருக்குச் செய்தி இல்லை என்பதுதான் கடை வாசல்களில் ஒரே கதை. பெண்கள் படங்களைக் கையில் வைத்துக்கொண்டு விசாரித்தார்கள். ஒரு மரக்கறிக் கடையில் ஒருவர் அம்மாவைக் கேட்டார்: "உங்கடை ஆக்கள் எப்பிடி அக்கா? சகோதரங்கள் வந்திட்டினமோ?"

"எனக்குச் சகோதரம் இல்லை," என்றார் அம்மா. எங்கள் ஆளிடம், தமிழில். நான் முருங்கைக்காய்க் கட்டோடு பக்கத்தில் நின்றேன்.

வீட்டுக்கு வந்து சோறு போடும்போது கரண்டியைச் சட்டியிலேயே விட்டுவிட்டுச் சொன்னார்: "இல்லை, இல்லை எண்டு நான் சொல்லிச் சொல்லித்தான் அவள் இல்லாமல் போனாள்."

"விசர்க்கதை கதையாதை," என்றார் அப்பா. டிவியின் சத்தத்தைக் கூட்டினார்.

மற்ற வீடுகளில் கார்த்திகையில், மாவீரர் நாளன்று, செத்தவர்களுக்கு விளக்கு வைத்தார்கள். எங்கள் வீட்டில் வைக்கவில்லை. இல்லாத ஒருவருக்கு எப்படி வைப்பது? செத்துவிட்டார் என்று சொல்லவும் முதலில் அவர் இருந்திருக்க வேண்டும். அதனால் அவர் போகவும் இல்லை. எங்கள் மாடிப்படியில் தன்பாட்டில் அணைகிற விளக்கு. அது அணையும்போது ஏறி வருகிறவர்களின் காலடி ஒரு கணம் நிற்கும். அந்தக் கணத்தில் அம்மாவின் கை எங்கே இருந்தாலும் அங்கேயே நிற்கும். விளக்கு மறுபடி எரிந்து, காலடி எங்கள் கதவைக் கடந்து மேலே போன பிறகுதான் கை அசையும்.

ஓட்டப் போட்டிக்காக ஒருமுறை தலைமயிரை இயக்கப் பெண்கள்போலக் காதளவுக்கு வெட்டிக்கொண்டு வந்தேன். கதவைத் திறந்த அம்மா, விருந்தாளிக்கு வழி விடுவதுபோல ஒதுங்கி நின்றார். "வா," என்றார். "சாப்பிட்டியோ?" அது என்னோடு பேசும் குரல் இல்லை. அவ்வளவு மெதுவாக அவர் என்னோடு பேசியதே இல்லை. பிறகு என் பள்ளிப் பையைக் கண்டார். "ஆரைக் கேட்டு வெட்டினனி?" என்று கத்தினார். அது எனக்கு ஆறுதலாக இருந்தது.

எங்கள் குடும்பத்தில் உயர்பள்ளிவரை போன முதல் ஆள் நான். அப்பா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். அம்மா இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து அதையும் முடிக்காதவர். எட்டு வயதிலிருந்து, கார்த் புதுப்பிக்கிற பிரிபெக்தூரில், வங்கியில், வீட்டுக்காரரிடம் எல்லாம் அவர்களுக்காகப் பேசியவள் நான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒருவர் கேட்பார். இந்தப் பக்கம் நாங்கள் பதில் சொல்வோம். கடைசி வகுப்பில், கணக்கில் நல்ல புள்ளிகள் எடுத்துக்கொண்டிருந்தபோது, எங்கள் பள்ளிக்கு ஒரு பெண் ராணுவ அதிகாரி வந்து பேசினார். ராணுவப் பள்ளியில் இரண்டு வருடம் தயாரிப்பு வகுப்பு, அதன் பிறகு போட்டிப் பரீட்சை, அதில் தேறினால் அதிகாரிகள் கல்லூரி. அவர் நின்ற விதத்தை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். யாருக்கும் பதில் சொல்லக் காத்திருக்காத ஒரு நிற்பு. எனக்கு அது வேண்டும் என்று நினைத்தேன். சித்திக்காகத்தான் போனாய் என்று இன்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். அப்போது அவரை நான் நினைக்கவே இல்லை. அப்படித்தான் என் ஞாபகம்.

வீட்டில் சொன்னேன். "ஆமியோ?" என்றார் அப்பா. அந்தச் சொல் எங்கள் மேசையில் விழுந்த மாதிரி இருந்தது. அம்மா எழுந்து குசினிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டார். கழுவ அங்கே ஒன்றும் இருக்கவில்லை.

அப்பா நாள் முழுக்க யோசித்தார். வேலை செய்யும் உணவகத்தில் யோசித்திருக்க வேண்டும், வந்ததும் சப்பாத்தைக் கழற்றாமலே சொன்னார்: "எம்.பி.யைப் பிடிக்க வேணும்."

"அப்பா, இஞ்சை அப்பிடி இல்லை."

"உனக்கென்ன தெரியும்? அரசாங்க வேலை எண்டால் ஒரு பெரியாள் பேர் குடுக்க வேணும். அங்கை எங்கடை பக்கத்திலை எம்.பி.யின்ரை கடிதம் இல்லாமல் தபால்காரன் வேலை கூட எடுக்கேலாது. இது ஆமி ஒபிசர்!"

வெறுங்கையோடு போகக்கூடாது என்று ஒரு பெட்டி லட்டும் வாங்கிக்கொண்டார். எங்கள் வட்டாரப் பிரதிநிதியின் அலுவலகத்தில் ஒரு இளம் உதவியாளர் எங்களை இருக்கச் சொன்னார். அப்பாவின் கோரிக்கையை நான் மொழிபெயர்த்தேன். எனக்குக் காது சுட்டது. உதவியாளர் சிரிக்கவில்லை. பிரான்சில் பிரதிநிதி யாருடைய பெயரையும் ராணுவப் பள்ளிக்குக் கொடுக்க முடியாது, பள்ளி ஆசிரியர்களின் கருத்தும் நேர்காணலும்தான் முக்கியம் என்றார். அமெரிக்காவில்தான் அப்படி ஒரு முறை இருக்கிறதாம், அங்கே காங்கிரஸ் உறுப்பினர் பெயர் சொல்ல வேண்டுமாம். நான் தமிழில் சொன்னேன்.

"பாத்தியோ," என்றார் அப்பா. "அமெரிக்காவிலை எங்கடை முறைதான். இவங்களுக்குத்தான் ஒண்டும் தெரியாது." லட்டுப் பெட்டியை மேசையில் வைத்துவிட்டு எழுந்தார். உதவியாளர் அதை வாங்க மறுத்தார். அப்பா திருப்பி வாங்க மறுத்தார். கடைசியில் அது எங்களுக்கு அடுத்ததாகக் காத்திருந்த ஒரு கிழவருக்குப் போனது.

தெருவில் இறங்கியதும் அப்பாவுக்கு முடிவு தெளிவாகிவிட்டது. கடிதம் இல்லை என்றால் நேர்காணல்தான் எல்லாம். நேர்காணல் என்றால் லா சப்பலில் போக வேண்டிய இடம் ஒன்றுதான்.

கேஸ் அண்ணைக்கு அப்போது தலை முழுக்க நரைத்திருந்தது. என்னைப் பற்றிக் கேட்டதும் அவருக்குச் சந்தோஷத்தில் ஒரே புளுகம். "ஒபிசர் இன்டர்வியூவோ? இண்டைக்குத்தான் முதல்முறை. இரும் பிள்ளை." முதுகை நிமிர்த்தி அதிகாரியானார். பிரெஞ்சில் கேட்டார்: "ஏன் உங்கள் நாட்டைவிட்டு வந்தீர்கள்?"

"நான் இஞ்சைதானே பிறந்தனான்."

"அதைச் சொல்லாதையும். சரி, சரி, அது வேறை. ஏன் எங்கடை ஆமிக்கு வாறீர்?"

நான் தயார் செய்து வைத்திருந்ததைச் சொன்னேன். அவர் கையைத் தூக்கினார். "கூடக் கதைக்கிறீர். கேட்டதுக்கு மட்டும் பதில். சிரிக்கக் கூடாது. வேணுமெண்டால் நடுவிலை ஒருக்கால் கண் கலங்கலாம்."

"ஒபிசர் வேலைக்கு அழுறதோ அண்ணை?" என்றார் அப்பா, மூட்டை மேல் இருந்தபடி.

"அழச் சொல்லேல்லை. கலங்கச் சொன்னனான்." பிறகு அவருடைய குரல் மாறியது. "குடும்பத்திலை ஆராவது படையிலை இருந்தவையோ எண்டு கேட்டால்?"

கடையின் முன்பக்கத்தில் யாரோ மாசிக் கருவாட்டுக்கு விலை விசாரித்தது கேட்டது.

"ஒருத்தரும் இல்லை," என்றார் கேஸ் அண்ணை மெதுவாக. "அம்மா சொன்னது சொன்னதுதான். நீர் வேறை மாதிரிச் சொன்னால் அவவின்ரை கதை பொய்யாப் போம். கார்த்திலை கைவைப்பாங்கள். எங்கை, எனக்குச் சொல்லிக் காட்டும்."

நான் எழுந்து வந்துவிட்டேன். அதைச் சொல்லிக் காட்ட என் வாய் வரவில்லை. ஆனால் வீடு வரும்வரை, மெட்ரோப் பாலத்தின் கீழே நடந்து வரும்போது, என் நாக்கு அதைத் தானாகவே சொல்லிப் பார்த்தது. எனக்குப் பயமாக இருந்தது. அம்மாவின் வாக்கியம் எனக்கும் அவ்வளவு சுத்தமாக வந்தது.

நேர்காணலுக்கு முதல் நாள் அம்மா என் வெள்ளைச் சட்டையை அயர்ன் பண்ணினார். அதுவரை இந்த விஷயத்தில் என்னோடு ஒரு சொல்லும் பேசியதில்லை.

"கேப்பாங்கள்," என்றார் சட்டையைப் பார்த்தபடி.

"கேக்கமாட்டாங்கள் அம்மா."

"எனக்குத் தெரியும். முதல் அதைத்தான் கேப்பாங்கள்."

"அப்ப நீங்களே சொல்லுங்கோ, நான் என்ன சொல்ல?"

அவர் கொலருக்குத் தண்ணீர் தெளித்தார். நான் காத்துக்கொண்டு நின்றேன். 'உண்டு' என்று சொன்னால், அம்மா இருபது வருடமாக இருக்கிற நாட்டில் அவருக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. 'இல்லை' என்று சொன்னால், சித்தியை இல்லாமல் செய்த இரண்டாவது ஆள் நான். அம்மா சட்டையை என் கையில் தந்துவிட்டுப் போனார். அது சூடாக இருந்தது.

நேர்காணல், தடித்த சுவர்கள் உள்ள ஒரு பழைய கட்டடத்தில் நடந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர்: நடுவில் வயதான ஒரு அதிகாரி, ஒரு பக்கம் கணக்கு ஆசிரியர், மறுபக்கம் ஒரு பெண் கப்டன். அந்தக் கேள்வி முதலாவதாக வரவில்லை. பள்ளி பற்றி, ஓட்டம் பற்றி, வாசித்த புத்தகம் பற்றி எல்லாம் கேட்ட பிறகு, எனக்கு நாக்கு இளகிய நேரத்தில், வயதான அதிகாரி சும்மா பேசுவதுபோலக் கேட்டார்: "உங்கள் குடும்பத்தில் யாராவது சீருடை அணிந்திருக்கிறார்களா?"

அவர் எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான். பிள்ளைகள் தாத்தாவைப் பற்றியும் மாமாவைப் பற்றியும் பெருமையாகச் சொல்ல ஒரு இடம். என் பின்னால் கதவு மூடித்தான் இருந்தது. ஆனாலும் யாரோ உள்ளே வந்து, நான் என்ன சொல்லப்போகிறேன் என்று கேட்க நிற்பதுபோல என் பிடரி குளிர்ந்தது. வாக்கியம் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. நான் வாயைத் திறந்தேன்.

"உண்டு," என்றேன். "ஆனால் அதைப் பற்றிப் பேச எனக்கு அனுமதி இல்லை."

பெண் கப்டன் தலையை நிமிர்த்தினார். அதிகாரி என்னைப் பார்த்தார். "யாருடைய அனுமதி?"

"என் அம்மாவுடைய."

"அது கிடைக்கும்வரை பேசாமல் இருக்க உங்களால் முடியுமா?"

"இவ்வளவு காலம் இருந்திருக்கிறேன்."

அவர் தலையை ஆட்டினார். உலகத்தில் வேறு எந்த அலுவலகத்திலும் அந்தப் பதில் சந்தேகத்தைக் கிளப்பியிருக்கும். ரகசியம் காப்பதே வேலையான அந்த அறையில் அது சாதாரணமாகப் பேசுகிற பேச்சு. கணக்கு ஆசிரியர் வெண்பலகையைக் காட்டினார். எழுந்துபோய் ஒரு தொடரின் கூட்டுத்தொகையைப் போட்டுக் காட்டினேன். விடை சரி.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவர் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"உண்டு எண்டோ சொன்னனி?"

"ஓம்."

"எழுதினவங்களோ?"

"இல்லை."

"அவளின்ரை பேர்?"

"நான் சொல்லேல்லை. அவங்களும் கேக்கேல்லை."

அம்மா ஈர உடுப்போடு கட்டிலில் இருந்தார். கட்டில் விரிப்பு நனைவதையும் கவனிக்கவில்லை. அடிப்பார் என்று நினைத்தேன். "பிறகு என்ன கேட்டவங்கள்?"

"கணக்கு."

"அவளுக்குக் கணக்கு ஓடாது," என்றார் அம்மா. "மக்கு. வாய்ப்பாடு கேட்டால் மரத்திலை ஏறி இருந்திடுவாள்." முகத்தை ஈரத் துணியால் துடைத்துக்கொண்டு, மிச்சத்தைக் காயப்போட எழுந்து போனார். என் வாழ்க்கையில் அவர் தன் தங்கையைப் பற்றி எனக்குச் சொன்ன முதல் விஷயம் அது.

முடிவு வரும்வரை அந்த வீடு வேறு விதமாக இருந்தது. மாடிப்படிக் காலடிக்கு இப்போது அம்மா நிற்கவில்லை, நான் நின்றேன். அது அம்மாவின் கார்த்தைப் பறிக்க வருகிற காலடியாக இருக்கலாம். அம்மாவோ எதிர்பாராத நேரங்களில் தொடங்குவார்: "அவளுக்குப் புளி பிடிக்காது." "அவள் சைக்கிளிலை போனால் பின்னாலை நாய் துரத்தும்." சொல்லிவிட்டு, யாரோ கேட்டுவிட்டதுபோலக் கதவைப் பார்ப்பார். அப்பா டிவியின் சத்தத்தைக் கூட்டவில்லை.

இடம் கிடைத்தது. கார்த்துக்கு ஒன்றும் ஆகவில்லை. யாரும் ஒன்றும் கேட்டு வரவில்லை. ஆனால் பயம் இன்னும் முழுசாகப் போகவில்லை. செய்தியைச் சொன்னபோது அப்பா அழுதார். அம்மா சொன்னார்: "ஒருத்தி போனதாலைதான் நான் இஞ்சை வந்தனான். இப்ப நீயும் போறாய்." பிறகு ஒரு நிபந்தனை போட்டார்: "யூனிபோமோடை இந்தப் படியிலை ஏறக்கூடாது."

அதை மீறியதில்லை. விடுமுறைக்கு வரும்போது ரயில் நிலையத்தின் கழிப்பறையில் ஜீன்சுக்கு மாறித்தான் வருவேன். பள்ளியில் காலையில் வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவார்கள். உரக்க, "இருக்கிறேன்" என்று சொல்ல வேண்டும். முதல் மாதங்களில் என் பெயர் வந்ததும் ஒரு சின்ன இடைவெளி விழும். நான் பதில் சொல்லுமுன் வேறு யாரோ சொல்லிவிடுவார்கள் என்று காத்திருப்பதுபோல. சார்ஜன்ட் என்னைத் தூங்குமூஞ்சி என்றார். விளக்கம் சொல்லவில்லை. வகுப்பில் முதல் ஐந்துக்குள் வந்து காட்டினேன்.

போட்டிப் பரீட்சையில் தேறி அதிகாரிகள் கல்லூரியில் சேர்ந்த பிறகு எல்லோரையும் தனித்தனியாகப் படம் எடுத்தார்கள். தொப்பி, பித்தளைப் பொத்தான்கள், தோள்பட்டை எல்லாம் தெரிகிற படம். அப்பா அதைச் சட்டம் போட்டு வரவேற்பறைச் சுவரில் மாட்டினார். அம்மா தடுக்கவில்லை. படிக்குத்தான் நிபந்தனை, சுவருக்கு இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

போன வருடம் விடுமுறையில் நான் வீட்டில் நின்றபோது, அம்மாவோடு உடுப்பு மடிக்கிற ஒருவர் முதல்முறையாக எங்கள் வீட்டுக்கு வந்தார். வன்னியிலிருந்து வந்து அதிக காலம் ஆகாதவர். இடது கையில் பெரிய தழும்பு. அவருக்குத் தேத்தண்ணி கொண்டு வந்தேன். சுவரைப் பார்த்துக் கேட்டார்: "ஆர் அக்கா இது?"

அம்மா திரும்பிப் படத்தைப் பார்த்தார். நான் தட்டோடு அதன் கீழேயே நின்றேன்.

"என்ரை தங்கச்சி," என்றார் அம்மா.

எனக்குச் சுரீரென்றது. அந்தத் தொப்பிக்கு நான் ஓடிய ஓட்டம், போட்ட கணக்கு, விழுங்கிய அவமானம். வாய்வரை வந்தது. வந்தவர் படத்தைப் பார்த்தார். அது இயக்கத்தின் சீருடை இல்லை என்பது அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும். பிறகு என் முகத்தைப் பார்த்தார். பிறகு அம்மாவை.

"ஓம் அக்கா," என்றார். "மூக்கு அப்பிடியே உங்கடை மூக்கு." கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "அவவைப் பற்றிச் சொல்லுங்கோவன்."

அம்மா கதிரையை அவருக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். நான் குசினிக்குப் போகவில்லை. சுவரோரமாக இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.